கணப்படுப்பு வெப்பமாற்றி

திறந்த கணப்படுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். அதில் ஒரு பங்கை அறைக்குத் திருப்பும் அமைப்பே இது. 1744இல் பெஞ்சமின் பிராங்கிளின் சிறுநூலாக வெளியிட்டு விளக்கிய பென்சில்வேனியக் கணப்பு, பெயர்பெற்ற முன்னோடி. அதன் உள்ளீடற்ற இரும்புப் பெட்டியில் காற்று சூடேறி அறைக்குள் வந்தது. காப்புரிமை கிடைக்கவிருந்தும் அவர் மறுத்தார். ஆனால் புகை கீழிறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால், அடுப்பு நன்கு சூடேறாதபோது அறையே புகைந்தது. புகழ் அளவுக்குப் பயன் இல்லை.

வீட்டிலேயே வெப்பமாற்றி செய்வோர் பெரும்பாலும் எஃகுக் குழாய்களை 'ப' வடிவில் வளைத்துப் பக்கவாட்டில் கிடத்தி, இரு வாய்களும் அறையை நோக்க வரிசையாக வெல்டிங் செய்கிறார்கள். விறகு அவற்றின் மேலேயே அடுக்கப்படும். கீழ்வாயில் நுழையும் குளிர்காற்று சூடாகி மேல்வாயில் வெளிவரும். சிறு ஊதுவிசிறி இருந்தால் பலன் கூடும். அது நின்றால் குழாய் அளவுமீறிச் சூடேறி விரைவில் கெடும்.

மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. குழாய் கூடவே கூடாது. அதன் மேல் பூசிய துத்தநாகம் சுமார் 420° செல்சியசில் உருகும். தணல் அதைவிடச் சூடானது, எழும் ஆவி காய்ச்சல் தரும். குழாயில் வெடிப்பு கண்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியக்கூடும். புகையிலிருந்தே வெப்பத்தை அளவுக்கு மேல் உறிஞ்சும் வகைகளில், குளிர்ந்த புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கக்கூடும்.