கடனோடு கடல் தாண்டிய மகள்கள்



2011-ல் என் மூத்த மகள் நர்சிங் முடித்தாள். வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்டார். குழுவில் ஐம்பதாயிரம் கடன் வாங்கினேன். மீதிக்கு நகையை அடகு வைத்தேன். "ஒரே வருஷத்துல அடைச்சிரலாம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாள். மூன்று வருஷம் கழித்தும் பாதி பாக்கி நின்றது.

2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரில் சண்டை மூண்டது. அங்கே ஒரு மருத்துவமனையில் 46 இந்திய நர்சுகள் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் கேரளப் பெண்கள். உயிருக்கு ஆபத்து இருந்தும் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். வாங்கிய கடனை எப்படி அடைக்கிறது என்ற பயம்தான். ஜூலை 5-ல் எல்லாரும் கொச்சி வந்து இறங்கினார்கள். டிவியில் பார்த்து அழுதுட்டேன். என் மகளும் அதே மாதிரிக் கடனோடுதானே வெளிநாட்டில் இருந்தாள்!

சவூதி, குவைத் உட்பட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்பணும் என்று 2015-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. நம் தமிழ்நாட்டில் 1978-லேயே அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வந்துவிட்டது. அது அன்னைக்கு எனக்குத் தெரியல. பதிவுபெற்ற ஏஜென்ட்டும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது என்பது இன்றைய விதி.

இப்போது எங்கள் குழுவில் வெளிநாட்டு வேலைக்குக் கடன் கேட்டால், ஏஜென்ட்டின் பதிவு எண்ணையும் ரசீதையும் முதலில் கேட்கிறோம். போகிற பிள்ளை, வரணும்னு நினைச்சா வந்துவிட முடியணும்.