அம்பத்தூரில் இரு மரபுகள்: மின்னோட்டத் தடமும் பிஎல்சியும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழில் வரலாறு பெரும்பாலும் ஊர்திகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அங்குள்ள கன்ட்ரோல் பேனல் பட்டறைகள் நாள்தோறும் கையாளும் 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டத் தடம் எவ்வழியே வந்தது, பிஎல்சியுடன் அது இணைந்தபோது எழுந்த இடர்ப்பாடு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அம்பத்தூர், மின்னோட்டத் தடம், டிரான்ஸ்மிட்டர், பிஎல்சி, உயிர்ச்சுழி

முன்னுரை

அம்பத்தூர் என்றதும் மிதிவண்டி நினைவுக்கு வரும். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பெற்றது. ஆவடியில் 1961இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் இடையே, 1964இல், அம்பத்தூர் தொழிற்பேட்டை உருப்பெற்றது. பாடியின் லூகாஸ் டிவிஎஸ் முதலிய நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு ‘வாகன உதிரிபாகங்களின் ஊர்’ என்று இப்பகுதியைச் சுட்டுவது வழக்கம். அது பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. இரும்புப் பெட்டிக்குள் ரிலேயும் கம்பியும் அடுக்கி, ஆலைக்கு மூளை செய்து அனுப்பும் சிறு பட்டறைகள் அக்கூற்றில் இடம்பெறுவதில்லை.

காற்றிலிருந்து மின்னோட்டத்திற்கு

எண்ணெய், உரம், காகிதம் போன்ற ஆலைகளில் அழுத்தத்தையும் மட்டத்தையும் வெப்பத்தையும் தொலைவிலிருந்து அறிய முதலில் பயன்பட்டது காற்று. சதுர அங்குலத்திற்கு 3 முதல் 15 பவுண்டு வரையிலான அழுத்தமே அளவின் குறி. சுழியத்திலிருந்து தொடங்காமல் மூன்றிலிருந்து தொடங்கியமைக்குக் காரணம் உண்டு: குழாய் உடைந்தால் அழுத்தம் சுழியமாகும், அளவு குறைவாயின் அது மூன்றில் நிற்கும். இன்மையும் குறைவும் வெவ்வேறு என்பதைக் கருவியே உணர்த்தியது.

மின்னணுக் கருவிகள் வந்தபோதும் அந்த 1:5 விகிதம் மாறவில்லை. 10–50 மில்லியாம்பியர் சிறிது காலம் வழங்கிற்று. பின்னர் 4–20 நிலைபெற்று, 1982இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையாகவும் வெளிவந்தது. தொடர் சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. ஆதலின், மின் வழங்கியின் வோல்ட்டுக்கு வரம்பு உண்டெனினும், அவ்வரம்பிற்குள் கம்பியின் நீளம் அளவைக் கெடுப்பதில்லை. அடியிலுள்ள 4 மில்லியாம்பியரைக் கொண்டே டிரான்ஸ்மிட்டர் தன்னை இயக்கிக்கொள்ளும்; எனவே இரண்டு கம்பிகள் போதும். ஆங்கிலத்தார் ‘லைவ் ஜீரோ’ என்னும் இந்நான்கினை ‘உயிர்ச்சுழி’ எனலாம் என்பது இக்கட்டுரையாசிரியரின் பரிந்துரை.

மின்னோட்டத்தையே செய்தியாக்கும் முறை சென்னைக்குப் புதிதன்று. 1960இல் ஒலிவெட்டி நிறுவனக் கூட்டுறவுடன் தோன்றிய கிண்டி இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் செய்த கருவிகளும் அக்கொள்கையினவே. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ 1949 முதல் கருவியியலைத் தனிப் பாடமாகக் கற்பித்தது. ஆனால் செயல்முறை ஆலைகள் வடக்கே மணலியில் அமைந்தன. சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கிற்று. மின்னோட்டத் தடத்தின் இயல்பான இருப்பிடம் அம்பத்தூர் அன்று, மணலியே எனலாம்.

இரு மரபுகளின் சந்திப்பு

பிஎல்சியின் பிறப்பு வேறு. அமெரிக்கக் கார் ஆலையொன்றின் ரிலே அடுக்குகளுக்கு மாற்றாக உருவான மோடிகான் 084 வெளிவந்த ஆண்டும் 1969 ஆகும். தொடக்கத்தில் அது அறிந்தவை ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே. அளவை அறியும் அனலாக் உள்ளீட்டு அட்டை பின்னர் வந்தது. ஊர்தி ஆலையின் பொறியும் எண்ணெய் ஆலையின் குறியும் அவ்வட்டையின் முனைகளில்தான் சந்தித்தன.

சந்திப்பு எளிதாக அமையவில்லை. மின்சாரம் தருபவர் யார் என்பதே முதல் வினா. ‘டூ ஒயர்’ எனப் பட்டறையில் வழங்கும் வகையில், 24 வோல்ட் வழங்கியின் நேர்முனை டிரான்ஸ்மிட்டருக்கும், அதன் மறுமுனை அட்டையின் நேர்முனைக்கும், அட்டையின் எதிர்முனை வழங்கிக்கும் செல்லும். ‘ஃபோர் ஒயர்’ வகை தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவருவதால் நேரே அட்டையில் சேரும். இரண்டையும் மயங்கி, 24 வோல்ட்டை அட்டையின் 250 ஓம் தடையின் மேல் நேரடியாக ஏற்றினால் 96 மில்லியாம்பியர் பாயும், 2.3 வாட் வெப்பம் சிறு தடையைக் கருக்கிவிடும். இதற்கு மாறாக, முறையான இணைப்பில் அதே தடை 1 முதல் 5 வோல்ட் தரும். காற்றின் பழைய 1:5 விகிதம் இங்கும் தொடர்கிறது. உறையிட்ட கேபிளின் உறையைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வதும் இவ்வறிவின் பகுதியே. இவற்றைக் கற்பிக்கும் தமிழ் நூல்கள் அரிது. பெரும்பாலும் மூத்த வயர்மேன் இளையவருக்குக் கைவழியே கொடுக்கும் அறிவு இது.

கருகிய அட்டை உடனே தெரிந்துவிடும். தெரியாத பிழை நிரலில் இருக்கிறது. சீமென்ஸ் எஸ்7 வகைப் பொறியில் 4 மில்லியாம்பியர் 0 எனவும் 20 மில்லியாம்பியர் 27648 எனவும் எண்ணாகும். நான்கிற்குக் கீழே எதிர்மறை எண் வரும். திரையில் எதிர்மறை எண் அழகாயில்லை என்று அதைச் சுழியமாக்கிவிடும் நிரலர் உண்டு. அத்துடன் காற்றுக் காலம் முதல் பேணிவந்த வேறுபாடு அழிகிறது: கம்பி அறுந்தாலும் தொட்டி காலி என்றே திரை காட்டும், பம்பு ஓடிக்கொண்டேயிருக்கும். ஐரோப்பியக் கருவியாளர் அமைப்பான நாமூர், 3.6 மில்லியாம்பியருக்குக் கீழும் 21க்கு மேலும் பழுது எனக் கொள்க என வகுத்தது இதன் பொருட்டே. அம்பத்தூரிலிருந்து புறப்படும் ஒரு பேனல் அவ்வெல்லையை அறிந்ததா அறியாததா என்பதைப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல இயலாது. ஒரு கம்பியைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.