மினகத்தா குமகுசுவின் காளான் ஏடுகள்

உலர்ந்த காளானுக்கும் நாட்டு வரலாற்றுக்கும் தொடர்புண்டோ எனின், உண்டென்பதே எம் துணிபு. ஜப்பானிய அறிஞர் மினகத்தா குமகுசுவின் (1867–1941) தொகுப்பு இதற்குச் சான்றாகும்.

1900-இல் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பிய அவர், குமனோ மலைக்காடுகளில் காளான்களையும் சளிப்பூஞ்சைகளையும் தேடித் தொகுத்தார். காளான் உலர்ந்தால் நிறமும் வடிவும் மாறும். ஆதலின் உலர்ந்த மாதிரியைத் தாளில் ஒட்டி, அருகே வண்ண ஓவியம் தீட்டி, கிடைத்த இடத்தையும் நாளையும் ஆங்கிலத்தில் குறித்தார். சளிப்பூஞ்சையோ ஒரு பருவத்தில் ஊர்ந்து இரையுண்ணும். மறுபருவத்தில் காளான்போல் வித்துக்கூடு தாங்கி நிற்கும். 1917-இல் தம் வீட்டுத் தோட்டத்து மரத்தில் அவர் கண்ட ஒன்றைப் புதிய பேரினமெனத் தெளிந்த குலியெல்மா லிஸ்டர் அம்மையார், 1921-இல் அதற்கு 'மினகத்தெல்லா' எனப் பெயரிட்டார்.

இதற்கு முன்னரே, 1906-இல், சிந்தோ கோயில்களை ஒன்றிணைக்க அரசு ஆணை பிறப்பித்திருந்தது. கைவிடப்பட்ட கோயில்களின் காடுகள் வெட்டுண்டன. தாம் தொகுத்த உயிர்களின் உறைவிடம் அழியக் கண்டு அவர் எதிர்த்தெழுதினார். 1910-இல் சிறையும் புகுந்தார். அவர் முயற்சியால் காக்கப்பட்ட காசிமாத் தீவுக்கு 1929-இல் பேரரசர் இரோகித்தோ வந்தபோது, 110 சளிப்பூஞ்சை மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டிகளில் இட்டு வழங்கினார்.

ஆகவே, அவர்தம் ஏடுகள் உயிரியற் பட்டியலாக மட்டுமன்றி, அக்காடுகளின் வரலாற்று ஆவணமாகவும் கொள்ளத்தக்கன என்பது எம் கருத்து.