வாந்திபேதி வந்த வழி

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவிலே அமைந்திருக்கிறது ஹுன்னஸ்கிரிய. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுற்றுவட்டத்துக் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. கோப்பி பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். வாந்திபேதியைக் கூலிகளே இந்நாட்டுக்குச் சுமந்து வருகின்றனர் என்பது அந்நாளைய துரைமாருக்கும் அதிகாரிகளுக்கும் பழகிப்போன முறைப்பாடு. அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றியது யார் என்று கேட்டவர் சிலரே.

1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தாதுவருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் பெயரிட்டு அஞ்சிய பஞ்சம் அது. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற பெரிய அதிகாரி, நிவாரண வேலையில் கல்லுடைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று அளந்து கொடுத்தார். அது உயிர் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டில் மட்டும் அம்மாகாணத்தில் வாந்திபேதிக்குப் பலியானோர் 3 லட்சத்துக்கும் அதிகம். அதே ஆண்டில் இலங்கைக்கு வந்திறங்கியோர் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிற்று.

மழை பொய்த்தால் பயிர் வாடுவது எல்லோருக்கும் தெரியும். நோய் ஏன் பெருகவேண்டும்? நோயாளியின் கழிவில் வெளியேறும் கிருமி நீரிற் கலந்து அடுத்தவர் வயிற்றை அடைகிறது. வயிற்றின் அமிலம் அதிற் பெரும்பகுதியைக் கொல்லக்கூடியது. பட்டினியால் நலிந்த உடலில் அந்தக் காவலும் தளர்ந்துவிடுகிறது. குளங்கள் ஒவ்வொன்றாய் வற்ற, எஞ்சிய ஒன்றிலேயே ஊர் முழுவதும் குளிக்கிறது, துவைக்கிறது, குடிக்கிறது. பின்னர் மழை வந்தாலோ, வெளியிற் கிடந்த கழிவையெல்லாம் அதுவே கிணற்றுக்குள் இழுத்து வருகிறது.

இத்தகைய ஊர்களை விட்டுத்தான் அவர்கள் புறப்பட்டார்கள். இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். கோப்பிப் பழம் பெரும்பாலும் சிவப்பது ஆண்டின் கடைசி மாதங்களில். பறிப்புக்கு ஆள் வந்து சேரவேண்டுமானால், வன்னிக் குளங்கள் அடிவற்றிச் சேறாய்க் கிடக்கும் நாட்களிலேயே நடந்தாக வேண்டும். இந்தப் பயண நாளைக் குறித்தது கோப்பிச் சந்தை, பஞ்சாங்கம் அன்று. முன்னே போன கூட்டம் கலக்கிய குட்டையில் பின்னே வந்த கூட்டம் நீர் மொண்டது.

கோப்பி மூட்டைகளுக்குக் கண்டியிலிருந்து கொழும்புக்கு 1867இலேயே புகைவண்டி ஓடிற்று. தலைமன்னாருக்குத் தண்டவாளம் வந்ததோ 1914இல்! அதற்குள் இலைநோய் கோப்பியையே அழித்து, மலையெல்லாம் தேயிலை ஆகிவிட்டது.

அக்காலத்து அறியாமை என்று இதை மன்னித்துவிடலாமா? கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல் என்பது மெய்யே. ஆனால் நோய் நீர்வழி பரவுகிறது என்பதை ஜான் ஸ்னோ லண்டன் பிராட் வீதியின் ஒரு குழாயை வைத்து 1854இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கனிங்காமோ அந்தக் கொள்கையை ஏற்க மறுத்துவந்தார். நீர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் கிணறு வெட்டவேண்டும், கப்பல்களைத் தடுத்து நிறுத்தவேண்டும், இரண்டும் செலவு. காற்றைக் குற்றஞ்சாட்டுவதற்குக் காசு வேண்டியதில்லை.

தோட்டத்திலும் நீர்க்கதை முடிந்துவிடவில்லை. லயத்துக்கு ஒரு பீலி. அந்தப் பீலிக்கு மேலேயும் மனிதக் குடியிருப்பு. மேல் லயத்துக் கழிவு கீழ் லயத்துக் குடத்தில் சேர்வதற்கு மலைச்சரிவே போதுமாயிருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழை இம்மலைநாட்டைப் பிளந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; மிகக் கொடிய அழிவைக் கண்டவற்றுள் கண்டி மாவட்டமும் ஒன்று. இன்று நாம் அஞ்சவேண்டியது பெரும்பாலும் வாந்திபேதியை அன்று. வயிற்றோட்டம், ஈரற்காமாலை, எலிக்காய்ச்சல் ஆகியவற்றை. வெள்ளம் வடிந்ததும் நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்பது சுகாதார அறிவிப்பு. அது சரியான அறிவுரையே. மண்சரிவில் ஊற்றுக் குழாயும் அடுப்பும் ஒருங்கே புதைந்த குடும்பத்துக்கு, ஈர விறகை வைத்துக்கொண்டு அதை நிறைவேற்றுவது எப்படி என்று யார் சொல்வது?