சிரட்டையும் மங்கும்: லுக்குட் தோட்டங்களில் பழம்பொருள் பெற்ற மறுவாழ்வு

போர்ட்டிக்சனுக்கு அணித்தாயுள்ள லுக்குட், வரலாற்று நூல்களில் ஈயத்தால் பெயர் பெற்ற ஊர். 1846-ஆம் ஆண்டில் ராஜா ஜுமாத் அதன் ஆட்சியை ஏற்றதும், குன்றின்மீது கோட்டை எழுந்ததும், சிலாங்கூரைச் சேர்ந்திருந்த அந்நிலம் 1878-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சுங்கை ஊஜோங் பக்கம் சென்றதும் பலரும் அறிந்த செய்திகள். ஈயத்தின் புகழ் மங்கிய பின்னர் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர் வந்தனர். கோட்டைக்கு வரலாறு உண்டு. லயத்து வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு வரலாறு உண்டா என்று கேட்போர் சிலரே.

உண்டு என்பதற்கு மங்கு ஒன்றே போதிய சான்று. பால்மரத்தில் உளி கீறிய வழியே வடியும் பாலை ஏந்தும் கிண்ணத்தை மலையகத் தோட்டத் தமிழர் மங்கு என்பர். மலாய்மொழியில் கிண்ணத்துக்கு மங்கோக் என்று பெயர். அச்சொல்லே தமிழ் வாயில் தேய்ந்து மங்கு ஆயிற்று. ரப்பர்த் தொழிலின் தொடக்க நாளில் இவ்வேலையைச் செய்தது தேங்காய்ச் சிரட்டை. தேங்காயைத் துருவி எறிந்த ஓடு மரத்தடிக்குப் போய்ப் பாலேந்தும் கலமாயிற்று. ஆனால் சிரட்டையின் நாரும் தூசியும் பாலில் கலந்தன. உறைந்த பால் அதில் ஒட்டிக்கொண்டு எளிதில் உரியவில்லை. பால் தூய்மையாக இருந்தால்தான் நல்ல விலை. ஆகவே மெருகிட்ட மண்கிண்ணமும், கண்ணாடிக் கிண்ணமும், பின்னர் அலுமினியக் கிண்ணமும் தோட்டங்களுக்கு வந்தன. கழிவுப் பொருளுக்குப் புதுவேலை கொடுக்கும் வழக்கம் இத்தொழிலின் வேரிலேயே இருந்ததென்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

லயத்தில் அவ்வழக்கத்துக்கு அரசன் மண்ணெண்ணெய்த் தகரம். நான்கு காலன் கொள்ளும் சதுரத் தகரம் அது. வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. ஒரு பக்கத்தைக் கீறித் திறந்தால் அரிசி வைக்கும் பெட்டி. பிரித்துத் தட்டி நிமிர்த்தினால் கோழிக்கூட்டுக்குக் கூரை, சுவரின் ஓட்டைக்கு ஒட்டு. அடியில் துளையிட்டு மண் நிரப்பினால் வாசலில் துளசியோ கனகாம்பரமோ வளரும் தொட்டி. சிறிய பால் டின்னில் திரி செருகினால் விளக்கு; கைப்பிடி வைத்துப் பற்றவைத்தால் கோப்பி குடிக்கும் குவளை. சாமிப்படத்துக்கோ பழைய நாள்காட்டியே துணை. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்குப் போகும், முருகன் மட்டும் சுவரில் நிலைப்பான். இவற்றை வறுமையின் அடையாளம் என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. தகரத் தொட்டிக்குச் சுண்ணாம்போ சாயமோ பூசி வரிசையாக அடுக்கிய கையில் அழகுணர்ச்சியும் இருந்தது. பிறர் கட்டிக் கொடுத்த ஓரறை வீட்டைத் தன் வீடாக ஆக்கிக்கொள்ள அவளுக்கு வேறு எவ்வழியும் இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபின் இப்பழக்கம் உயிர்காக்கும் கலையாயிற்று. அரிசி அருகியது, மரவள்ளியே உணவாயிற்று. துணி கிடைக்காத அக்காலத்தில் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினர். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டதும் அந்நாளிலேதான், திரும்பாதவர் பலர். 1945-இல் போர் முடிந்து துணி வந்தபோதும், சாக்கு உடுத்திய தலைமுறை எதனையும் எளிதில் எறியவில்லை.

ஊரூராய்ப் பழஞ்சாமான் வாங்க வருபவரைக் 'காராங் கூனி' என்பர். மலாயில் காரோங் என்பது மூட்டைப் பை. கூனி நம் கோணிக்கு உறவுச்சொல். கடலைக் கடந்து போன கோணி, பழஞ்சாமான் மூட்டையாய்த் தமிழர் வாசலுக்கே திரும்பி வந்ததைத் தமிழாசிரியர் வகுப்பிலே எடுத்துக் காட்டலாம்.

1950-களின் இறுதியில் ஐரோப்பியர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர், தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் வாழ்விழப்பதைக் கண்டு 1960-இல் வீ. தி. சம்பந்தன் முதலியோர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். எனினும் பிற்காலத்தில் செம்பனையும் வீடமைப்பும் வர, எத்தனையோ லயங்கள் இடிந்தன. வெளியேறியவர் சட்டி பானையோடு போயினர். மங்கும் உளியும் காண்டாக் கம்பும் பின்னே கிடந்தன.

இன்று அந்த மங்கு கடையில் விலைக்குக் கிடைக்கிறது. மெழுகுவத்தி ஏற்றவும் சிறுசெடி வைக்கவும் நகரத்தார் அதை வாங்குகின்றனர். பால்தகடு உருட்டிய இரும்புப் பொறி உணவகங்களின் முகப்பிலே நிற்கிறது. சிங்கர் தையற்பொறியின் இரும்புக்கால் பலகையைத் தாங்கி மேசையாகிறது. இதில் பழிக்க ஒன்றுமில்லை. வாங்குவோர் இல்லையேல் அவை உருக்காலைக்கே போயிருக்கும். குறை வேறிடத்தில் உள்ளது. எந்தத் தோட்டத்து மங்கு, எந்த நிரையில் யார் கை துடைத்தது என்னும் செய்தி பொருளோடு வருவதில்லை.

காரைக்குடியை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மலாயாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், 1930-களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமையால் ரப்பர் நிலங்களுக்கு உடைமையாளராயினர். அத்தகைய கடல்கடந்த பொருளால் எழுந்த மாளிகைகள் இடிந்தபோது, தேக்குத் தூணும் நிலைக்கதவும் எனாமல் தூக்கும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அங்கே அவை 'செட்டிநாட்டுப் பொருள்' என்ற பெயரோடு விற்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடொன்றே பெயர்த்து நிறுத்தப்பட்டுள்ளது. மாளிகையின் கதவுக்கு ஊர்ப்பெயர் நிலைத்தது; அதே ரப்பரின் பாலை ஏந்திய மங்கு ஊரற்றதாயிற்று. பெயரெழுத ஒரு துண்டுத் தாள் போதும். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமார் உள்ளவரையே அதில் எழுதச் செய்தி கிட்டும்.

பால்மரத்துக்கும் இதே கதை நேர்ந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரத்தை முன்னாளில் வெட்டி விறகாக்கினர். பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் பற்றும் மரம் அது. மருந்தூட்டி, சூளையில் உலர்த்தும் முறை கைவந்தபின், 1980-கள் தொட்டு அது மேசையும் நாற்காலியுமாய்ப் பல நாடுகளுக்குச் செல்கிறது. அறுக்கும்போது முதலில் கழிவது பட்டை. உளித் தழும்பெல்லாம் அதனோடு போய்விடுகின்றன.