பேராமையும் வடகடலும்: ஒரு வரலாற்று நோக்கு

பளை இரு நீர்ப்பரப்புகளுக்கு இடைப்பட்ட ஊர். ஒருபுறம் யாழ்ப்பாணக் கடனீரேரி. மறுபுறம் தாளையடி, செம்பியன்பற்று, வெற்றிலைக்கேணி எனத் தொடரும் வங்கக் கடற்கரை. இத்தகைய பகுதியின் வரலாற்றை நிலத்தை மட்டும் நோக்கி எழுதிவிட இயலாது. கடலுயிர்களுடன் மனிதர் கொண்ட உறவும் அவ்வரலாற்றின் கூறே. அவ்வகையிற் பேராமை எனப்படும் பச்சை ஆமையை ஈண்டு நோக்குவோம்.

தமிழர் கடலாமையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அகநானூற்றின் 160ஆம் பாடல், அடும்பு படர்ந்த மணலில் ஆமை முட்டையிட்டுப் புதைப்பதை நுணுக்கமாகக் காட்டுகின்றது. முட்டைகளை ஆண் ஆமை காக்கும் என்றும் அது கூறுகின்றது. சைவ மரபோ, ஆமை கடலிலிருந்து நினைந்தே முட்டையைப் பொரிக்கும் என்று கொண்டு, அதனை மானச தீட்சைக்கு உவமையாக்கியது. புதைத்தலைப் பற்றிய செய்தி உண்மை. காவலும் நினைவும் கற்பனை. பெண் ஆமை ஒருமுறைக்கு நூறளவில் முட்டையிட்டு, குழியை மூடிக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய இரண்டு மாதங்களிற் குஞ்சுகளைப் பொரிப்பது மணலின் வெப்பமே. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அவ்வெப்பமே தீர்மானிக்கின்றது. வெப்பம் மிகின் பெண் குஞ்சுகள் மிகும்.

வளர்ந்த பேராமையின் முதன்மையான உணவு கடற்புல்லும் பாசியுமாகும். அதன் கொழுப்பின் நிறமே பச்சை ஆமை என்ற பெயருக்குக் காரணம். இலங்கையில் அது மிகுதியாக முட்டையிடுவது தெற்கு, தென்மேற்குக் கரைகளிலாகும். கடற்புல் செறிந்த பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அதன் மேய்ச்சற் களங்கள். எனவே வடகடலில் வலைப்படும் ஆமை வேறொரு கரையிற் பிறந்ததாக இருத்தல் கூடும்.

இம்மேய்ச்சற் களமே வாணிபத்துக்கும் வழியாயிற்று. இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமை உயிரோடிருக்கவே அதன் இறைச்சி துண்டு துண்டாக விற்கப்பட்டதை 1861இல் வெளிவந்த தம் நூலில் அருவருப்புடன் பதிவுசெய்தார். அக்கொடுமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதே காலத்தில் இலண்டன் விருந்துகளில் ஆமைச் சாறு செல்வர்தம் பெருமையாக விளங்கியது. 1503இற் கொலம்பசு கண்டு, ஆமைகளின் பெயராலேயே குறித்த கரிபியன் தீவுகளில் அவ்வினம் 1800ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஏழை மீனவக் குடும்பத்தின் கத்தி கொடுமையாகத் தெரிந்தது. பேரரசின் பசி நாகரிகமாகத் தெரிந்தது. இவ்வேறுபாடு வரலாற்றாசிரியர் கவனிக்கத்தக்கது.

1972இன் சட்டத்திருத்தம் இலங்கையிற் கடலாமைகளுக்குப் பாதுகாப்பளித்தது. சட்டம் தனித்து நின்று போதிய பயன் தருவதில்லை என்பதற்குத் தென்கரையிலுள்ள ரெக்காவ சான்றாகும். அங்கு 1990களின் நடுப்பகுதியில், முன்னர் முட்டைகளைச் சேகரித்து விற்றோரே ஊதியம் பெறும் கூட்டுக் காவலராயினர். அவர்களுடைய அறிவு குற்றமாகக் கருதப்படாமற் காப்பாக மாற்றப்பட்டது. பின்னர் அக்கரையிற் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளுட் சில இலங்கைக் கடலிலேயே தங்கின. சில இந்தியக் கடலை நாடின. எல்லை மனிதருக்கேயன்றி ஆமைக்கில்லை.

பேராமை முதிர்ச்சியடைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். 1991இல் வெற்றிலைக்கேணிக் கரையிற் படைகள் இறங்கிய ஆண்டில், எங்கோ ஒரு கரையிற் பொரித்துத் தப்பிய குஞ்சு இன்று முட்டையிடும் பருவத்தில் இருத்தல் கூடும். ஆகவே இன்று நாம் காணும் ஆமைகளின் தொகை முந்திய தலைமுறையின் செயலைக் காட்டுகின்றது. நமது செயலின் விளைவை அடுத்த தலைமுறையே காணும். 2025இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பேராமையை அருகிவரும் இனங்களின் வரிசையிலிருந்து நீக்கியது. பல்லாண்டுப் பாதுகாப்பின் பயன் அது. எனினும் உலகக் கணக்கு ஒவ்வொரு கரைக்கும் பொருந்துவதன்று.

வடகரையில் மணற்றிட்டிகளும் கடற்புல் வெளிகளும் காக்கப்படல் வேண்டும். அப்பணியிற் கடற்றொழிலாளரைக் குற்றவாளிகளாக நிறுத்தாது, அறிவுடைய பங்காளிகளாக ஏற்றல் வேண்டும். போரினாலும் 2004இன் ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்து மீண்ட அம்மக்களின் வாய்மொழியிற் கடலாமை பற்றிய செய்திகளைத் தொகுப்பது, பல்கலைக்கழகத் தமிழாய்வு இனியும் தள்ளிப்போடலாகாத கடமையாகும்.