செங்கல் வேலை (மாதிரிக் கட்டடங்களில்)

சிற்றளவு மாதிரிக் கட்டடங்களின் சுவரில் செங்கல் வரிசையையும் இடைச்சந்தையும் மெய்போலக் காட்டும் கைவேலை.

அளவே இதன் உயிர். இந்தியத் தர அளவில் மாடுலர் செங்கல் 190 × 90 × 90 மி.மீ.; கலவைச் சந்து 10 மி.மீ. மாதிரி ரயில் ஆர்வலர்கள் பெரிதும் கையாளும் 1:87 அளவில் கல்லின் நீளம் ஏறத்தாழ 2.2 மி.மீ., உயரம் 1 மி.மீ., சந்து 0.1 மி.மீ. ஆகிவிடும். கீறலை அகலமாக்குவதே பெரும்பிழை: 1 மி.மீ. கோடு, உண்மைச் சுவரில் ஒரு கல்லின் உயரத்துக்கே சந்து விட்டதற்குச் சமம்.

தாள் உரித்த ஃபோம் போர்டில் மழுங்கிய பேனாவால் அழுத்தலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தகட்டில் ஊசியால் கீறலாம். பின்னது பொறுமை கேட்கும், ஆனால் விளிம்பு கூர்மையாக நிற்கும். முதலில் செங்கல் நிறம். காய்ந்தபின் நீர்த்த வெளிர்நிறத்தைப் பூசித் துடைத்தால் சந்தில் மட்டும் அது தங்கும். சூளையில் எல்லாக் கல்லும் ஒரே நிறத்தில் வேகாது என்பதால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருஞ்சிவப்பு தொடவேண்டும். அடிச்சுவரில் உப்புப் பூத்த வெண்மை மிக அழகு.

எழும்பூர் ரயில் நிலையம் (1908) போன்ற செந்நிறக் கட்டடங்களுக்கு இம்முறை பொருந்தும். திருத்தணி மலைக்கோயிலை அதன் 365 படிகளோடு செய்பவருக்கோ வேறு கணக்கு. தென்னாட்டுக் கோபுரங்களின் மேல்நிலைகள் பொதுவாகச் செங்கல்லால் எழுந்தாலும் சுதைக்குள் மறைந்திருக்கும். அங்கே கல்வரி கீறுவது தவறு. பழங்கோபுரமாகக் காட்டும்போது, சுதை உதிர்ந்த ஓரிடத்தில் நாலைந்து கற்கள் தெரிந்தால் போதும்.